பூட்டு டப்பாவுக்கு மட்டும்

மூன்று எண் பூட்டுகள்,
ஒன்று நூற்று நாற்பது ரூபாய்.
"வீட்டுல ஏதும் களவு போச்சா டீச்சர்?"
என்றார் இரும்புக் கடைக்காரர்.
இல்லைங்க, ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் என்றேன்.
மீதிச் சில்லறையை இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார்.

இரண்டு ராத்திரி விழித்துப் போட்ட திட்டம்:
பிள்ளைகளை ஆய்வகத்துக்குள் விட்டுக்
கதவைப் பூட்டுவது.
துப்புக்குத் துப்பு முடிச்சுப் போட்டு
அவர்களே சாவியைக் கண்டெடுத்து
வெளியே வருவது.
ஒரு பாடவேளை. நாற்பது நிமிடம்.

தலைமையாசிரியை சகாயராணி
முதல் வரியிலேயே பேனாவைக் கீழே வைத்தார்.
"கதவைப் பூட்டுறதா?"
குரல் உயரவில்லை.
"கும்பகோணத்துலயா?"

நான் பட்டுக்கோட்டைக்காரி,
இங்கே வந்து ஏழு மாதம்.
அந்த ஜூலையில் எனக்கு ஒன்பது வயது.
நாங்கள் பார்க்காதிருக்க
அப்பா செய்தித்தாளை மடித்துப் பரணில் போட்டது தெரியும்.
பரணில் போட முடியாதவர்கள் ஊர் இது.
இங்கே எந்தப் பள்ளிக்குள் நுழைந்தாலும்
பெற்றவர்கள் கண் முதலில் வாசலை எண்ணுகிறது,
பிறகுதான் வகுப்பறையை.

தாளைத் திரும்ப வாங்கினேன்.
'கதவு' என்ற இடத்திலெல்லாம் அடித்து
'டப்பா' என்று எழுதினேன்.
பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை, நாலாம் பாடவேளை.
இரண்டு கதவும் விரியத் திறந்து
ஆளுக்கொரு செங்கல் முட்டு.
நடு மேசையில் முறுக்கு டப்பா,
சங்கிலி சுற்றி, மூன்று பூட்டு.
காய்ச்சலில் கிடக்கும் ஃபர்சானா
என் செல்போனுக்குள் இருந்தாள்,
மேசையின் அந்தப் பக்கம் டஸ்டரில் சாய்ந்து,
அரசலாற்றுக்கு அக்கரையிலிருந்து இருமிக்கொண்டு.

முதல் துப்பு, வேதாரண்யம் உப்புப் பொட்டலம்.
ஒரு மோல் எத்தனை கிராம்?
ஐம்பத்தெட்டரை என்று மூன்று பேர் கத்த,
மதுரவாணன் புள்ளியை விழுங்கி
ஐந்து எட்டு ஐந்து திருப்பினான்.
க்ளிக்.

இரண்டாவது என் சின்ன ஏமாற்று.
பாடத்திலேயே இல்லாத கேள்வி:
மேட்டூர் நிரம்பினால் எத்தனை அடி?
ஆறு மாதமாக என் வகுப்பில்
'உள்ளேன்' தவிர ஒன்றும் சொல்லாத இளம்பரிதி
ஜன்னலைப் பார்த்தபடி "நூத்தியிருவது" என்றான்.
அவன் வீட்டில் குறுவை நடுவதும் நடாததும்
அந்த எண்ணைப் பொறுத்தது.
எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்ப,
காது சிவந்து போனான்.

மூன்றாவது, வெற்றுத் தாள்.
முகர்ந்தார்கள். வெயிலில் பிடித்தார்கள்.
"சோப்பு வாசன" என்றாள் தில்லைமதி.
மஞ்சள் தண்ணீர் தடவத் தடவ
எழுந்து வந்தது சிவப்பாய்:
966.

திறக்கவில்லை.
மறுபடி. திறக்கவில்லை.
யாரோ கல் தேடப் போனார்கள்.
தில்லைமதி கொண்டை ஊசியை நுழைத்தாள்,
நான் பார்க்காத மாதிரி நின்றேன்,
ஊசிதான் உடைந்தது.
எண்ணை நானே மாற்றி வைத்துவிட்டேனோ?
வயிற்றுக்குள் ஒரு பூட்டு விழுந்தது.
அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது,
சத்துணவுக் கூடத்துச் சாம்பார் வாசம்
இரண்டு கதவு வழியாகவும் வந்தது.

"டீச்சர்," செல்போன் கரகரத்தது.
"எனக்கு வேற நம்பர் தெரியுது.
தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தாறு."

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை.
பிறகு முப்பத்து மூன்று தலையும்
ஒரே சமயத்தில் தலைகீழாகச் சாய்ந்தன.

டப்பாவில் கடலை மிட்டாய், கணக்காய் முப்பத்து நான்கு.
ஃபர்சானா பங்கைக் கொடுத்துவிடுகிறேன் என்று
மதுரவாணன் பையில் போட்டுக்கொண்டான்.
கொடுத்தானா, தெரியாது.

வாசலில் சகாயராணி நின்றிருந்தார்,
எப்போது வந்தார் என்று பார்க்கவில்லை.
"பெல் அடிச்சு எவ்வளவு நேரமாச்சு,
யாரும் வெளிய வரலயா?"
"மேம், இன்னொரு டப்பா இருக்கா?" என்றான் இளம்பரிதி.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
லேசாக ஆடிக்கொண்டிருந்த கதவின் செங்கல்லைக்
காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.